அழுத்திச் சொல்ல ஒரு ‘டூ’

கொவென்ட்ரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்னறைச் சுவர் குளிர்காலத்தில் வியர்க்கிறது. காலையில் துடைத்துவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் கரும்புள்ளிகள் அதே இடத்தில் திரும்ப வந்திருக்கும். அந்த அறையில்தான் என் மகள் மீரா தூங்குகிறாள். ஐப்பசி பிறந்ததும் அவளுக்கு இழுப்பு தொடங்கியது. இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் அக்டோபர் கடைசி ஞாயிறன்று, அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் முதலில் கேட்டதே, வீட்டுச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்றுதான். இருக்கிறது என்று மார்ச் மாதம் முதல், வீட்டை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் நான் தொலைபேசியில் சொல்லி வருகிறேன். தேதிகளை நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். இந்த விஷயத்தில் அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.

ஒரே ஒரு முறை ஆள் வந்தார். ஆகஸ்ட் கடைசியில், வங்கி விடுமுறை வரும் வாரம். சுவரைப் பார்ப்பதற்கு முன்பு எங்கள் அடுப்பைப் பார்த்தார். நிறையச் சமைப்பீர்களா, துணியை உள்ளேயே உலர்த்துவீர்களா, சன்னலைத் திறப்பதே இல்லையா என்று கேட்டார். “வீ டூ ஓபன் தெம். வீ டிட் ஓபன் தெம் திஸ் மார்னிங்” என்றேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினார், தெருநாயை அமைதிப்படுத்துகிறவரைப் போல. “நோ நீட் டு கெட் அப்செட், மேட்.” அதுவரை எனக்குக் கோபம் வரவில்லை. அவர் போன பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை. முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் புகுந்து வடிந்த ஆண்டுகளில், சுவர் மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். அரசாங்கம் வரவில்லை, நிவாரணம் வரவில்லை என்று எத்தனையோ திட்டியிருக்கிறோம். ஆனால் சுவர் ஏன் நனைந்தது என்பதற்கு, நேற்று என்ன குழம்பு வைத்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

அந்த ‘டூ’வும் ‘டிட்’டும் என் வாயில் எப்படி ஒட்டிக்கொண்டன என்று சொல்ல வேண்டும். கல்லூரி முடித்ததும் நான் பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி மட்டும் மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நடந்தது. பயிற்சி கொடுத்தவர் ஸ்டெல்லா மேடம், சேலையூர்க்காரர், முன்பு பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். “வெறுமனே ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’னு சொன்னா, சரி தெரியுது, ஃபோனை வைன்னு சொல்ற மாதிரி இருக்கும்பா. நடுவுல ஒரு ‘டூ’ போடுங்க. சொன்னேன்கிறதும் சொல்லத்தான் செஞ்சேன்கிறதும் ஒண்ணா?” என்பார். அருமையான விளக்கம். ஆனால், நம்மை ஒருவர் நம்பாதபோதுதான் தமிழில் சொல்லத்தான் செஞ்சேன் என்போம். நாங்களோ எல்லா வாக்கியத்திலும் ‘டூ’வைத் தூவினோம். ஐ டூ அபாலஜைஸ். ஐ டூ ஸீ யுவர் பாயிண்ட். வேலைக்குப் போகும் வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போவோம். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “இன்னா சார், ஏறுனதுலேந்து டூ டூன்னுகினு கீறீங்க. யாரு யாரோட டூ வுட்டது?” என்று கேட்டார். பள்ளிக்கரணை தாண்டும் வரை சிரித்தோம்.

அந்த வேலையில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளர் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏதாவது ஓர் எண்ணை அழுத்தி எங்களுக்கு மதிப்பெண் போடுவார். பக்கத்து நாற்காலிக்காரன் பிரபு முதல் வாரத்திலேயே நொந்துபோனான். “நாலு போட்டிருக்கான் மச்சான். நாலு நல்ல மார்க்குதானேடா?” “அது ஸ்கூல்ல. இங்க ஃபெயில்” என்றேன். ஐந்துக்குக் கீழே வாங்கியவர்களைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க உட்கார வைத்து, அழைப்பைத் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அங்கே வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. உலகத்தின் எந்த மூலையிலிருந்து எந்த கால் சென்டரை அழைத்தாலும், வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், கடைசியில் ஐந்துதான் அழுத்துவோம். பிரபு இப்போது கனடாவில் இருக்கிறான். அவனும் ஐந்துதான்.

மருத்துவமனைக்கு ஓடியதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, மீண்டும் அழைத்தேன். எடுத்த பெண் தன் பெயர் எமிலி என்றாள். அது வேலைக்காக வைத்த பெயர்; இரண்டாவது வாக்கியத்திலேயே எங்கள் ஊர்க் குரல் என்று தெரிந்துவிட்டது. “ஐ டூ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன், சார்.” என்னுடைய வாக்கியமே என் காதுக்குத் திரும்பி வருவதுபோல் இருந்தது. அந்தப் பக்கம் இருந்து நான் சொன்ன நாட்களில் அது எவ்வளவு காலியானது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. மார்ச் முதல் நான் செய்த ஒவ்வோர் அழைப்புக்கும் ஐந்து கொடுத்திருக்கிறேனாம். வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி என்று எழுதி, ஒவ்வொரு முறையும் விஷயத்தை முடித்துவிட்டார்களாம். யாரோ ஒரு பிள்ளை கண்ணாடி அறைக்குப் போகக் கூடாது என்று நான் அழுத்திய ஐந்தையெல்லாம், என் மகளின் நெஞ்சுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

“அம்மா, நீங்க தாம்பரம் பக்கமா?” என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

பின்னால் அந்தக் கூடத்தின் இரைச்சலோடு அவள் பதில் வந்தது. “ஐ டூ அபாலஜைஸ், சார். வீ கேன் ஸ்பீக் ஒன்லி இங்கிலீஷ்.” அவள் மேல் தவறில்லை. எல்லாம் பதிவாகும். தமிழில் பேசினால் அதற்குத் தனியாகக் கேள்வி வரும். எனக்குத் தெரியும், தெரிந்தும் கத்தினேன். “மை டாட்டர் குட் நாட் ப்ரீத்.” அதில் ‘டூ’வும் இல்லை, ‘டிட்’டும் இல்லை.

அதுவரை இருந்த பாட்டுக் குரலை விட்டுவிட்டு, அவள் மெதுவாகச் சொன்னாள்: “சார், யூ டூ வான்ட் டு மேக் எ ஃபார்மல் கம்ப்ளெய்ன்ட்.” கேள்வி போலவே இல்லை. அந்த ‘டூ’வின் மேல் முழு எடையையும் வைத்துச் சொன்னாள். புகார் என்ற சொல்லை வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும்வரை நாம் எடுக்கவே கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. ஆமாம், பதிவு செய்யுங்கள் என்றேன். வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். “ப்ளீஸ் டூ கிவ் யுவர் ஆனஸ்ட் ஃபீட்பேக், சார். ஆனஸ்ட்.” திருப்தி என்றால் ஐந்தை அழுத்துங்கள் என்று கெஞ்சத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். இவள் வேறொன்றைக் கேட்கிறாள்.

இயந்திரக் குரல் மதிப்பெண் கேட்டது. என் விரல் தானாகவே ஐந்தை நோக்கிப் போய் நின்றது. மனைவி ஹேமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன யோசிக்கறீங்க? ஒண்ணை அமுக்குங்க.”

“அந்தப் பொண்ணு நம்ம ஊரும்மா.”

“உள்ள படுத்திருக்கறதும் நம்ம பொண்ணுதான்.”

ஒன்றை அழுத்தினேன்.

அந்த வாரமே ஆட்கள் வந்தார்கள். சுவரை உடைத்தார்கள். குளியலறைக் குழாய் ஒன்று உள்ளுக்குள்ளேயே கசிந்து கொண்டிருந்தது. எங்கள் குழம்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலை முடித்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டே, முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். “சொல்லத்தான்யா செஞ்சேன்” என்றேன் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரித்து, “நோ வொரீஸ், மேட்” என்றார்.

சுவர் காய்ந்துவிட்டது. மீரா இழுப்பில்லாமல் தூங்குகிறாள். நான் சமாதானமாகவில்லை. என் ஊர்ப் பெண் ஒருத்தியின் தலையில் குட்டினால்தான் இந்த ஊருக்குக் காது கேட்கிறது என்றால், இரண்டு ஊருமே என்னை ஏமாற்றியிருக்கின்றன. பெருங்குடியில், எல்லோரும் பார்க்க, நான் உட்கார்ந்த அந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருப்பாள். நான் போட்ட ஒன்றுக்குக் காரணம் கேட்டிருப்பார்கள். “ஐ டிட் ட்ரை, சார்” என்று சொல்லியிருப்பாள். அப்செட் ஆகாதே என்று அவளுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.