கொழுந்தன் பெண்டாட்டி போனில் எங்கள் வள்ளம்

என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போகிறார்கள். சங்கு எங்கே கிடந்தது என்று யாராவது கேட்டால் தெற்கே என்பார்கள். போனது வடக்கே. இங்கே எல்லா வள்ளத்துக்காரரும் அப்படித்தான்.

எனக்கு மட்டும் தெரியும். வள்ளம் ஏறியதும் என் போனுக்கு லொக்கேஷன் போட்டுவிடுவார். மேப்பில் கடல் நீலத்தின் நடுவே ஒரு புள்ளி நிற்கும். அது கரைக்குத் திரும்பினால் உலை வைப்பேன். அவர் பேசுகிற ஆள் இல்லை. அந்தப் புள்ளிதான் எங்களுக்குள் பேச்சு.

பிறகு இவர்கள் போகும் இடத்தில் இன்னொரு வள்ளம் முன்னாலேயே போய் நிற்க ஆரம்பித்தது. அந்த வாரம் டிவியில் போன் செய்தி. நாம் போகிற வருகிற இடத்தையெல்லாம் கம்பெனிகள் எடுத்து விற்கின்றனவாம். நாலு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அந்தரங்கம், உரிமை என்றார் ஒருவர். கேட்டதுக்கெல்லாம் ஓகே அமுக்கிவிட்டு இப்போது அழுதால் எப்படி என்றார் இன்னொருவர்.

"ஏளா, பாத்தியா? நம்ம எடத்த கம்பெனிக்காரன் வித்துட்டான்," என்றார் என் வீட்டுக்காரர்.

"கம்பெனிக்காரனா சங்கு எடுக்க வாரான்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் புள்ளி வரவில்லை. தம்பியையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். எல்லாருக்கும்தானே என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் அடிபம்பில் கொழுந்தன் பெண்டாட்டி போனைத் தூக்கிக் காட்டினாள். அதில் எங்கள் வள்ளத்தின் புள்ளி நின்றது.

"மதினி, ஒங்களுக்கு வரலியா? எங்க வீட்ல உள்ளவுக எனக்கு ஒளிக்கமாட்டாக."

ஒரே வள்ளம். அவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. குடம் நிரம்பி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றவளைக் கவனித்தேன். அந்த இன்னொரு வள்ளத்துக்காரன் பெண்டாட்டி. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோறு போடும்போது சொன்னேன்.

"ஒங்க தம்பி பொண்டாட்டி போன்ல புள்ளி வருதுல்லா. பம்படியில ஊரே பாக்குது."

"ஆரு பாத்தா?"

சொன்னேன். அவர் பிசைந்த கை நின்றது.

"நான் கம்பெனிக்காரன்னுல்லா நெனச்சேன்," என்றார்.

இடம் பறிபோகக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று ஊருக்குச் சொல்லலாம். எனக்கு அவள் புள்ளிதான் உறுத்தியது.

கொழுந்தனும் லொக்கேஷன் போடுவதை நிறுத்திவிட்டான். அந்த வள்ளம் இப்போது இவர்கள் இடத்துக்கு வருவதில்லை. கொழுந்தன் பெண்டாட்டி என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

எனக்குத் திரும்பப் போடுவார் என்று நினைத்தேன். காலையில் கிளம்பும்போது போனை நீட்டினேன்.

"ஒனக்குப் போட்டா அவளும் கேப்பா. ரெண்டு பேருக்கும் வேண்டாம்."

போய்விட்டார்.

இப்போது மத்தியானம் ஆனால் இரண்டு பேரும் கரையில் தள்ளித் தள்ளி நிற்கிறோம். வள்ளம் கரை தட்டியதும் கொழுந்தன் முதலில் அவளைத் தேடிப் பார்க்கிறான். இவர் சங்குச் சாக்கைப் பார்க்கிறார்.