அண்டா நிறைய ஷீர் குர்மா

பெருநாளன்று ஊரே புதுத்துணி போட்டுக்கொள்ளும்போது, பழைய நைட்டியோடு அண்டா முன்னால் நிற்கும் தொழில் என்னுடையது. மேற்குத் தாம்பரத்தில் பன்னிரண்டு வருடமாக ரம்ஜானுக்கும் பக்ரீதுக்கும் ஆர்டர் எடுத்து ஷீர் குர்மா செய்து கொடுக்கிறேன். நெய்யில் வறுத்த மெல்லிய சேமியா, சுண்டக் காய்ச்சிய பால், பேரீச்சம்பழம், சாரைப்பருப்பு, அவ்வளவுதான். அடுப்படியில் முழங்கையைச் சுட்டுக்கொண்ட சகோதர சகோதரிகளே, அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பரோட்டாவோடு வந்தவர்

தொழில் ஆரம்பித்த முதல் வருடம். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த எலக்ட்ரீஷியன் முருகன், “ரெண்டு பேருக்குக் குர்மா எடுத்து வை அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். பெருநாள் காலையில் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்து நின்றார். மூடியைத் திறந்து காட்டியதும் முகம் வாடிவிட்டது. “இன்னாக்கா, பாயாசம் மாதிரி கீது?”

‘ஷீர்’ என்றால் பால், இது காரமில்லாத இனிப்பு என்று விளக்கினேன். எனக்காக ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய்க்குப் பரோட்டாவைப் பிய்த்துத் தோய்த்தார். நான் பதறிப்போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காரக் குர்மாவை இனிமே யாரு தேடிக்கினு போவா?”

மேடவாக்கத்தில் மாட்டிக்கொண்டது

ஐ.டி. ஆட்கள் குடியிருக்கும் அடுக்குமாடி ஒன்றில் அறுபது பேருக்கு ஆர்டர். அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். மேடவாக்கத்தில் இரண்டு தண்ணீர் லாரிகள் எதிரும் புதிருமாக நின்று வழியை அடைத்துவிட்டன. சேமியா சும்மா இருக்குமா? பாலையெல்லாம் குடித்துவிட்டு ஊறிக்கொண்டே போனது. போய்ச் சேர்ந்தபோது அண்டாவுக்குள் கரண்டி நட்டுக்க நின்றது.

அசோசியேஷன் செயலாளர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “நாங்க கேக் ஆர்டர் பண்ணலையே” என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு தூக்கில் குங்குமப்பூ போட்டுக் காய்ச்சிய பாலைத் தனியாகக் கொண்டுபோவேன். செக்யூரிட்டி அறையில் டீ போடும் அடுப்பில் அதைச் சூடாக்கி, கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினேன். கால்மணி நேரத்தில் பழையபடி இளகி, நெய் மினுமினுப்போடு வந்துவிட்டது. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி அண்ணன் வாய்விட்டே சொன்னார்: “ஐ.சி.யூ.ல கீற ஆளுக்கு டிரிப்ஸ் ஏத்தி, எய்ப்பி உக்கார வச்ச மாதிரி கீதுக்கா!”

இருபது லிட்டர் திரிந்த காலை

பெருமை பேசுகிறவள் தப்பையும் சொல்லவேண்டும். ஒரு ரம்ஜான் காலை, முந்தின நாள் எலுமிச்சை பிழிந்த அண்டாவைச் சரியாகக் கழுவாமல் பாலை ஊற்றிவிட்டேன். இருபது லிட்டரும் திரிந்து போனது. தொழுகைக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. எந்தக் கடையிலும் அவ்வளவு பால் இல்லை. கூட வேலை செய்யும் செல்வி அக்கா உட்கார்ந்து அழுதார். எனக்கு அழக்கூட நேரமில்லை.

பள்ளிக்கரணையில் மாடு வைத்திருக்கும் ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். அன்று அவர் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள், கறந்த பால் மொத்தமும் அந்தப் பந்தியின் பாயசத்துக்கு. தெரிந்தும் கேட்டேன். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அரை மணியில் வண்டியில் கேன்களோடு வாசலில் நின்றார். “உங்க வீட்டு விசேஷம் கெட்டுடுமே அண்ணா” என்றேன். கேன்களை இறக்கியபடியே அவர் சொன்னது: “பேர் வைக்கிறது பத்தரைக்கும்மா. எங்க வூட்டுக்கும் சேத்து நீயே காச்சி அனுப்பிடு, எங்காளுங்களும் துன்னு பாக்கட்டும்.”

லக்னோவிலிருந்து ஒரு அம்மா

பெருங்குடியில் வேலை பார்க்கும் இம்ரானுக்கு அந்த வருடம் ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டவர், லக்னோவில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு என் கையில் கொடுத்தார். அந்த அம்மா உருதுவில் பரீட்சையே வைத்துவிட்டார். சேமியாவை எந்த நிறத்துக்கு வறுத்தாய்? பேரீச்சம்பழத்தைப் பாலில் ஊறவைத்தாயா? கரண்டியால் எடுத்து ஊற்று, பார்க்கிறேன்.

ஊற்றிக் காட்டினேன். அந்த அம்மா திரைக்கு முகத்தை நெருக்கிப் பார்த்தார். மகன் கை கழுவப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் உருதுவில் சொன்னது தமிழில் இதுதான்: “என்னுதைவிட நல்லா வந்திருக்கு. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா, அப்புறம் பெருநாளைக்கு ஊருக்கே வரமாட்டான்.”

இத்தனை வீட்டுப் பெருநாளை இனிப்பாக்கிவிட்டு வந்து உட்காரும் எனக்குக் கடைசியில் கிடைப்பது அண்டா அடியில் ஒட்டின நாலு ஸ்பூன்தான் என்றாலும், அதைச் சாப்பிடும்போது இவ்வளவு ருசியாக யார் செய்தது என்று யாரையும் கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.