கரங்கான் அண்ணன் மேல் நடந்த விசாரணை

மனிதவளப் பிரிவில் வேலை செய்ய நல்ல வாய் இருந்தால் போதும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். கூலிம் நகரத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தபோது கம்பெனி பஸ்ஸில் சீட்டுச் சண்டை முதல் ஷிப்ட் மாற்றும் தகராறு வரை எல்லாவற்றையும் பேசியே தீர்த்தவன். அந்தப் பிரிவில் இடம் காலியானதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். டிப்ளோமா எங்கே என்று கேட்டார்கள். படித்துவிட்டு வந்தால் அடுத்த இடம் எனக்கு என்றார்கள். தலை நரைக்கும் வயதில் ஞாயிறுதோறும் சுங்கைப் பட்டாணிக்கு வகுப்புக்குப் போனேன்.

என் பக்கத்து நாற்காலி கரங்கான் அண்ணனுடையது. கரங்கான் ஊர்ச் செம்பனை எண்ணெய் ஆலையில் பாதுகாவலர், என்னைவிட மூத்தவர். உள்விசாரணையை நடித்துக் காட்டும் பாடம் வந்தது. வேலை நேரத்தில் தூங்கிய தொழிலாளி அவர். விசாரணைத் தலைவர் நான். எனக்கா தெரியாது? எழுந்து போய் அவர் தோளில் கை போட்டு, "அண்ணே, ஒரு சாரி சொல்லிடுங்கலா, முடிச்சிட்டு தே தாரிக் குடிக்கப் போவோம்" என்றேன். வகுப்பே சிரித்தது. விரிவுரையாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு கேள்விகூட கேக்காம அவர குத்தவாளி ஆக்கிட்டீங்களே."

பெயில். மறுதேர்விலும் தவறினால் டிப்ளோமா இல்லை, கூலிம் வேலையும் இல்லை. அந்த வாரம் முழுக்க என் வாய் விடுமுறை எடுத்துக்கொண்டது. கண்ணாடி முன் பேசிப் பழகினேன். கண்ணாடியில் இருந்தவனே என்னை நம்பவில்லை. குழம்பில் உப்பில்லை என்று முனகினால், சாட்சி இருக்கா என்றாள் மனைவி.

மறுதேர்விலும் அதே பாத்திரங்கள்தான். குற்றச்சாட்டை வாசித்து, நீங்கள் சொல்ல விரும்புவது என்ன என்று கேட்டேன். அண்ணன் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுதான் அவருக்குக் கொடுத்த வசனம். அவரோ என்னை நேராகப் பார்த்தார்.

"காய்ச்சல் சார். சூப்பர்வைசர்தான் போய்ப் படுக்கச் சொன்னாரு."

நான் மனப்பாடம் செய்ததில் இது இல்லை. ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். கேட்காமல் முடிவு செய்து வாங்கிய பெயில் நினைவுக்கு வர, அந்த சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள் என்றேன். அப்படி யாரையும் ஏற்பாடு செய்யாததால் விரிவுரையாளரே சாட்சி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்கக் கேட்க, ஆமாம், படுக்கச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன்.

வெளியே வந்ததும், என் உயிரை ஏன் இப்படி வாங்கினீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நெசமாவே நடந்ததுதான் தம்பி, பழைய வேலையில. அன்னைக்கு என்னை ஒருத்தரும் கேக்கல. அதான் படிக்க வந்தேன்."

இருவரும் தேறினோம். நான் கூலிமில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கரங்கான் அண்ணனின் ஆலையில் இப்போது விசாரணைகளை நடத்துவது அவர்தான்.