தேய்த்தெடுத்த கோடுகள்

கோல்ஃப் ஆட்டத்தை மைதானத்தில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் கோல்ஃப் மட்டையின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒரு காலத்தில் எனக்கு அசைக்க முடியாத கருத்து இருந்தது. அந்தக் கருத்தால் கெட்டது நான் இல்லை, ஒரு அக்கா.

2011 வாக்கில் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்தவன். பூந்தமல்லியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையில் வாசம், கம்பெனி பஸ்ஸில் பயணம். மெஷினில் இருந்து வரும் அலுமினியப் பாகத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, அதன் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. நகம் எங்காவது தட்டினால் கட்டர் ஓடிய தடம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு டூல் மார்க் என்று பெயர். டூல் மார்க் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். நாளெல்லாம் இதையே செய்து, ஓட்டலில் டம்ளர் வந்தால்கூட நகத்தால் கீறிப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். அறையில் இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவற்றில் காப்பாற்ற முடிந்தவை பஃபிங் செக்‌ஷனுக்குப் போகும். அங்கே சுழலும் பெல்ட்டில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் பளபளப்பு ஏற்றுவார்கள். அந்த செக்‌ஷனில் கைதேர்ந்தவர் என்றால் பென்னலூரிலிருந்து வரும் அக்காதான். அவர் தேய்த்து அனுப்பிய பாகத்தில் என் நகம் ஒருநாளும் தட்டியதில்லை. கம்பெனி திறந்த நாளிலிருந்து காண்ட்ராக்டில் இருந்தார். புருஷன் வீட்டு நிலம் இருந்த இடத்தில் இப்போது வேறொரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன என்று ஒருமுறை சொன்னார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, வழி கேட்டவனுக்கு அடையாளம் சொல்வதுபோலச் சொன்னார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பர்மனென்ட் ஆவது. அதில் சம்பளத்தைவிட அவர் அதிகம் பேசியது பஸ்ஸைப் பற்றி. கம்பெனி பஸ் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான். ரூட்டில் எங்கே நின்று கையைக் காட்டினாலும் டிரைவர் நிறுத்துவார். காண்ட்ராக்ட் ஆட்கள் ஷேர் ஆட்டோவில் நசுங்கித்தான் வர வேண்டும்.

"எங்க வூட்டு வாசல்லயேதான் தம்பி போவுது உங்க பஸ்ஸு. தெனிக்கும் பாக்கறேன். நிக்காமப் போய்க்கினே கீது" என்று சிரிப்பார்.

அந்த வருஷப் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. எச்.ஆர். மேனேஜரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எம்.டி. கையெழுத்து மட்டும் பாக்கி. எம்.டி. தன் நாட்டுக்குத் திரும்பப் போகிறார், போவதற்கு முன் போட்டுவிடுவார் என்று பேச்சு. "மொத நாளு ஜன்னலோரம் எனுக்குத்தான், இப்பவே சொல்ட்டேன்" என்று என்னிடம் சீட்டுக்குத் துண்டு போட்டு வைத்தார் அக்கா.

எம்.டி.க்கு வழியனுப்பு விழா, அதில் ஒரு பரிசு தர வேண்டும் என்று முடிவானது. அவர் கோல்ஃப் பைத்தியம். மதியம் சாப்பிட்டானதும் ஆபீஸ் கம்பளத்தில் டீ குடிக்கிற காகிதக் கப்பைச் சாய்த்து வைத்து, பந்தை அதற்குள் உருட்டிக்கொண்டிருப்பார். இப்படிப் பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கென்றே தனியாக ஒரு மட்டை உண்டு, பட்டர் என்பார்கள். வெண்ணெயும் இல்லை, பெருமாள் கோயில் பட்டரும் இல்லை. அவருடைய பட்டரின் முகத்தில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை பதித்திருந்தது. அந்தப் பட்டை ஒரு மூலையில் பெயர்ந்துவிட்டது என்று அவருடைய டிரைவர் துப்பு கொடுத்தார். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று ஆனது.

எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஃபினிஷ் பாக்கற ஆளு நீதானேய்யா. நீயே போய் நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வா."

சென்னையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பட்டர்களை மேஜையில் வைத்தார். ஒன்று இன்செர்ட் வகை. எம்.டி. வைத்திருந்ததுபோலவே உலோகத்தில் பள்ளம் எடுத்து, மெத்தென்ற ஒரு பட்டையை ஒட்டியிருந்தது. இன்னொன்று மில்டு ஃபேஸ். முழுக்க ஒரே இரும்புக் கட்டியில் இருந்து கடைந்து எடுத்தது. கடைக்காரர் பச்சைக் கம்பளம் ஒன்றை விரித்து, இரண்டையும் அடித்துப் பார்க்கச் சொன்னார். இன்செர்ட்டில் பந்து பொத்தென்று சத்தமில்லாமல் போனது. மற்றதில் டிக்கென்று ஒரு சின்ன ஓசை, அடித்தது கைக்கே தெரிந்தது.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒட்டு வேலை என்றாலே எங்கள் தொழிலில் சந்தேகம்தான். ஒட்டியது ஒருநாள் பெயரும், பெயர்ந்ததற்குச் சாட்சி எம்.டி. அறையிலேயே இருந்தது. ஒரே கட்டியில் செய்தது அப்படியில்லை. அதுவும் மில்லிங் வேலை, எங்கள் வேலை.

"இன்செர்ட் சாஃப்ட்டா போகும் சார். மில்டு வேற மாதிரி. இதோட முகத்துல அந்த மில்லிங் இருக்கு பாருங்க, அது என்னன்னா..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"மில்லிங் பத்தி எனக்குத் தெரியும் சார், பேக் பண்ணுங்க" என்றேன்.

தெரியும் என்றவனுக்கு யார் சொல்லித்தர முடியும்? இன்னும் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அன்று இன்செர்ட்டையே வாங்கியிருந்தாலும் இந்தக் கதை இல்லை.

மறுநாள் கம்பெனியில் உறையைப் பிரித்து, பழக்க தோஷத்தில் பட்டரின் முகத்தில் நகத்தை ஓட்டினேன். கரகரவென்று தட்டியது. வெளிச்சத்தில் திருப்பினேன். முகம் முழுக்க, வரி வரியாக, கட்டர் ஓடிய தடம். அத்தனையும் டூல் மார்க். குவாலிட்டிக்காரன் போய் வாங்கி வந்த பரிசில் டூல் மார்க் என்றால் எம்.டி. என்ன நினைப்பார் என்று எனக்குக் காதெல்லாம் சுட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நம்பினேன்.

சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு பஃபிங்குக்குப் போனேன். அக்கா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எம்.டி.க்குக் குடுக்கப் போற சாமான். மூஞ்சியெல்லாம் மார்க்கா இருக்கு. கண்ணாடி கணக்கா ஆக்கிக் குடுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தன் நகத்தை மெதுவாக ஓட்டினார்.

"இன்னா தம்பி, இது கோடு கோடா ஒரே சீரா கீது? மெஷின் தப்புப் பண்ணா ஒரு பக்கம் ஆழமா, ஒரு பக்கம் இல்லாம இருக்கும். இது வேணும்னே போட்டாப்ல கீதே. யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்கினு செய்யலாமா?"

"யார்ட்டக்கா கேக்கணும்? குவாலிட்டி நான்தான் சொல்லுதேன்லா."

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவர் பெல்ட்டை ஓடவிட்டார். இரும்பு கெட்டியாக இருந்ததால் சாப்பாட்டு நேரம் முழுக்க ஆனது. திருப்பிக் கொடுத்தபோது அதில் என் முகம் தெரிந்தது. நகத்தை ஓட்டினேன், வெண்ணெயில் போவதுபோலப் போனது. அசந்துபோய் "கை இல்லக்கா இது, மெஷின்" என்று பாராட்டினேன்.

விழா கேன்டீனில் நடந்தது. எம்.டி. உறையைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்தது. பட்டரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அதன் முகத்தில் ஓட்டினார். நான் நாளெல்லாம் செய்கிற அதே காரியம். விரல் பாதியில் நின்றது. சிரிப்பும் நின்றது. மட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "மில்லிங் எங்கே?" என்று கேட்டார். யாருக்கும் புரியவில்லை. அவர் தேடுவது அந்தக் கோடுகளை என்று எனக்கு மட்டும் புரிந்தது. எம்.டி. உடனே சமாளித்துக்கொண்டு, "வெரி ஷைனி, தேங்க் யூ" என்று குனிந்து வணங்கினார். மனுஷன் தங்கமானவர். ஆனால் பக்கத்தில் நின்ற எச்.ஆர். மேனேஜரின் முகம் கறுத்துப்போனது.

மறுநாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கோடுதான்யா அந்த மட்டைக்கே உசுரு. அதுக்குத்தான் அவ்ளோ விலை. எம்.டி. டிரைவர் சொல்றான், எனக்கு மானம் போச்சு. யாருய்யா மூஞ்சியத் தேச்சது?"

நான்தான் தேய்க்கச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நானும் பல வருஷமாக இதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு திட்டு, மிஞ்சினால் ஒரு மெமோ. நான் பர்மனென்ட் ஆள். என் வேலை போயிருக்காது.

"தொடைச்சு வைக்கத்தான் சார் பஃபிங்ல குடுத்தேன். அவங்க தேச்சுட்டாங்க" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது.

அன்று மத்தியானம் அக்கா என் மேஜைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "லிஸ்ட்ல பேர எடுத்துட்டாங்க தம்பி. கம்பெனி மெஷின்ல வெளி வேல எப்டிப் பண்ணலாம்னு கேக்கறாங்க. ஆமா சார், நாந்தான் பண்ணேன்னேன். உன் பேர இழுக்கல. நீ ஊரு வுட்டு ஊரு வந்து பொழைக்கிறவன்."

நான் அவரைக் காட்டிக்கொடுத்த அதே நாளில், அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"நீ படிச்சவன். எனுக்காக ஒரு வார்த்த பேசிப் பாரேன் தம்பி. உன் பேச்ச கேப்பாங்க."

"பேசுதேன்க்கா."

எச்.ஆர். அறைக் கதவு வரை போனேன். கண்ணாடி வழியாக மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். ஷிஃப்ட் முடிந்து கேட்டருகே அக்கா காத்திருந்தார். "சொல்லிப் பாத்துட்டேன்க்கா, கேக்க மாட்டேங்காங்க" என்றேன். முதல் பொய்யாவது பயத்தில் வந்தது. இது எதில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த காண்ட்ராக்ட் புதுப்பித்தபோது அக்காவை எடுக்கவில்லை. அவர் பென்னலூரில் வீட்டு முன்னாலேயே தகரக் கூரை போட்டு இட்லிக் கடை வைத்தார். அது எங்கள் பஸ் ரூட். முதல் வாரமே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். மறுநாளிலிருந்து பஸ்ஸில் எதிர்ப்பக்க வரிசைக்கு மாறி உட்கார்ந்தேன். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

இதற்கிடையில் கையில் ஸ்மார்ட்போன் வந்தது. ஒருநாள் மனசு கேட்காமல், அந்தக் கோடுகள் எதற்கு என்று தேடிப் படித்தேன். வழவழப்பான இரும்பில் பந்து பட்டால் அடி முரடாகத் தெறிக்குமாம். கோடு கோடாக இருந்தால் பந்தைத் தொடுகிற இடம் குறையும், அடி இதமாக இருக்கும். இன்செர்ட்டில் பட்டை செய்கிற வேலையை இதில் கோடுகள் செய்கின்றன. அக்கா நகத்தை ஓட்டிய உடனே கண்டுபிடித்தது அதைத்தான், வேணும்னே போட்டது என்று.

அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. 2014-இல் செகண்ட் ஷிஃப்ட் இருந்த ஒருநாள், முன்னதாகவே கிளம்பி டவுன் பஸ்ஸில் பென்னலூரில் இறங்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐய, தம்பியா! இன்னா இப்டி எளச்சிப் போய்ட்ட? உக்காரு."

கேட்காமலேயே நாலு இட்லி வைத்து வடகறி ஊற்றினார். சாப்பிட்டுக்கொண்டே கோடுகளைப் பற்றிச் சொன்னேன். விரலால் மேஜைத் தண்ணீரில் வரைந்துகூடக் காட்டினேன். இன்செர்ட் எப்படி, மில்டு எப்படி, வழவழப்பானால் ஏன் கெட்டுப்போகும் என்று ஒரு வாத்தியார் மாதிரி விளக்கினேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலிருக்க அது வசதியாக இருந்தது.

அக்கா கைதட்டிச் சிரித்தார். "பாத்தியா! அப்பவே சொன்னேன்ல?"

"ஆமாக்கா. நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றேன். தொண்டையைச் செருமினேன். "அக்கா, அன்னைக்கு ஆபீஸ்ல..."

"அத்த வுடு தம்பி. எனுக்கு யாரு மேலயும் கோவம் இல்ல. அத்தினி பேரு இருந்தாங்க அந்தக் கம்பெனில. நீ ஒருத்தன்தான் எனுக்காகப் போய்ப் பேசுன. அத நான் மறக்கல. வூட்ல கூட சொல்லிக்கினே இருப்பேன்."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"உன் பஸ்ஸு வர்து பாரு! வுட்றாத!"

நான் எழுந்திருப்பதற்குள் அக்கா ரோட்டோரத்துக்கு ஓடி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உயரக் கையைக் காட்டினார். கம்பெனி பஸ் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. "போ, போ, லேட்டாயிடப் போவுது" என்று என் முதுகில் தட்டினார். நான் ஏறி, காலியாக இருந்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.