லேகியத்துக்குப் பத்தியமில்லை

நெல்லிக்காயைப் பத்தி யாராவது என்கிட்ட வந்து ஒசத்தியாப் பேசினா எனக்குப் பத்திண்டு வரது. இப்போ கடைக்குக் கடை சீசாவுல மாத்திரையா அடைச்சு விக்கறா. ஏதோ ஆன்டி-ஆக்ஸிடன்ட்டாம். சீக்கிரம் வயசு தெரியாதாம், நரை வராதாம், ரத்தம் சுத்தமாகுமாம். ஆகட்டுமே, நான் இல்லேங்கலை. நெல்லிக்காயோட எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. நல்லது நல்லதுன்னு சொல்லிண்டே அதோட சேர்த்து என்னத்தை உள்ளே தள்றோம்னு பாக்காத மனுஷாளோடதான் எனக்குச் சண்டை. அந்த மனுஷாள்ல முதல் ஆள் எங்காத்துக்காரர்.

அப்போ யுத்த காலம். மயிலாப்பூர்ல, தெப்பக்குளத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல குடியிருந்தோம். பொண்ணைக் கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு, ஆத்துல நாங்க ரெண்டே பேர். அவருக்குக் கோட்டைப் பக்கம் ஒரு ஆபீஸ்ல குமாஸ்தா உத்தியோகம். புதுச் செருப்பு கடிச்சு வலது கால்ல, கட்டை விரலுக்குப் பக்கத்து விரல்ல ஒரு கொப்புளம் வந்தது. நாலு நாள்ல ஆறிப்போக வேண்டிய கொப்புளம். ஆறலை. மஞ்சளை அரைச்சுப் போட்டேன், வேப்பெண்ணெய் தடவினேன், ம்ஹூம், புண்ணாப் போய் நீர் வடிய ஆரம்பிச்சுடுத்து. கடைசியில ராயப்பேட்டையில டிஸ்பென்சரி வெச்சிருந்த ஒரு டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனேன். அவர் காலைப் பாத்தார், மூத்திரத்தை வாங்கி சோதிச்சுப் பாத்தார், சக்கரை வியாதின்னுட்டார்.

"ஊசி மருந்து சீமையிலேர்ந்து கப்பல்ல வரணும்மா. இந்த யுத்தத்துல கப்பல் எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்? கிடைக்கறப்போ போடறேன். மத்தபடி வாயைக் கட்டணும். கட்டினா விரல் தங்கும். இல்லேன்னா எடுத்தாகணும். அதுக்கப்புறமும் கட்டலைன்னா எதோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது," ன்னார்.

அந்த மனுஷன் டிராம்ல போய் டிராம்ல வரவர். கால் போச்சுன்னா உத்தியோகம் போச்சு. உத்தியோகம் போனா நாங்க ரெண்டு பேரும் மாப்பிள்ளை ஆத்து வாசல்ல போய் நிக்கணும். அதைவிட, எனக்கு அவர் முழுசா வேணும். அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு பாட்டில் நீல மருந்தும், கண்ணாடிக் குழாயும், சின்ன ஸ்பிரிட் விளக்கும் குடுத்து எப்படிப் பண்றதுன்னு காமிச்சார். குழாயில நீல மருந்தை ஊத்தி, அதுல மூத்திரத்தைச் சொட்டு சொட்டா விட்டு, விளக்குல காட்டிக் கொதிக்க விடணும். நீலம் நீலமாவே இருந்தா க்ஷேமம். பச்சைன்னா கொஞ்சம் சக்கரை. மஞ்சள்னா ஜாஸ்தி. செங்கல் நிறத்துக்குப் போச்சுன்னா ஆபத்து. தினம் காத்தால ஸ்நானம் பண்றதுக்கு முன்னாடி கொல்லையில கிணத்தடியில உக்காந்துண்டு இந்தக் கண்றாவியை நான்தான் பண்ணுவேன். அவர் பக்கத்துல வரமாட்டார். நாத்தமாம்! யாரோடது நாத்தம்னு கேக்க வேண்டாமோ?

வாயைக் கட்டறதுல மட்டும் அவருக்கு ஈடு இணை கிடையாது. அப்படித்தான் நானும் நினைச்சேன். மொத நாளே சாதத்தைப் பாதியாக் குறைச்சுண்டுட்டார். காப்பிக்குச் சக்கரை வேண்டாம்னுட்டார். டிராமுக்குக் காத்துண்டு நிக்கறவாகிட்டயெல்லாம், "எங்காத்துல சக்கரைங்கற பேச்சே கிடையாது சார்"னு சொல்லிண்டு திரிஞ்சார். ரேஷன்ல சக்கரை போடற காலம் அது. "நமக்கு எதுக்கு? நான் வாங்கறதையே விட்டுட்டேன். கொழந்தை குட்டி இருக்கறவாளுக்குப் போய்ச் சேரட்டும்," ன்னார். எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. அடுத்தாத்து மாமிகிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன். அவர் எதிர்ல உக்காந்துண்டு நான் மட்டும் தித்திப்பாக் குடிக்கறதாவதுன்னு நானும் வெறுங்காப்பிக்கு மாறினேன். கஷாயம் தேவலை. இருந்தாலும் குடிச்சேன்.

இந்த சமயத்துலதான் எங்க நாத்தனார் வந்தார். எங்காத்துக்காரருக்கு மூத்த அக்கா. தியாகராய நகர்ல, பார்க்குக்குப் பக்கத்துல வீடு. தம்பின்னா உசிர். தம்பி கால்ல புண் ஆறலைன்னு கேட்டதும் ஒரு ஜாடி நிறைய நெல்லிக்காய் லேகியம் கிளறிக் கொண்டு வந்துட்டார். திப்பிலி, ஏலக்காய், நெய், தேன்னு ஒண்ணு பாக்கியில்லை. ஜாடியைத் திறந்தா கூடம் முழுக்க வாசனை. "ரத்தம் சுத்தமானாத்தாண்டா புண் ஆறும். காத்தாலயும் சாயங்காலமும் ஒரு எலுமிச்சங்காய் அளவு சாப்பிடு," ன்னார்.

அப்போவே கேட்டேன். "அக்கா, இதுல தித்திப்பு இருக்குமே?"

அக்கா பதில் சொல்றதுக்குள்ள அவர் முந்திண்டார். "அசடே, இது லேகியம்டி. பட்சணமா? ஏகாதசி அன்னிக்குப் பச்சைத் தண்ணி பல்லுல படாதவா கூட லேகியம் சாப்பிடலாம், விரதத்துக்கு பங்கமில்லை. பெரியவா முட்டாள்களா? மருந்து ஆகாரத்துல சேர்த்தியே இல்லை."

அக்காவும் ஆமான்னு தலையை ஆட்டினார். ரெண்டு பேர் சாஸ்திரம் பேசறப்போ நான் ஒருத்தி என்ன பண்றது? ஜாடியை வாங்கி அலமாரியில வெச்சேன், அதுலேர்ந்து மாசம் ஒரு ஜாடி வந்துண்டே இருந்தது.

அந்த லேகியம் ஒண்ணுமே பண்ணலைன்னு சொன்னா பொய். பல் தேய்க்கறப்போ ஈறுல ரத்தம் வரும் அவருக்கு, அது நின்னுது. வருஷா வருஷம் மார்கழியில இருமி இருமி ஊரைக் கூட்டுவார், அந்த வருஷம் ஒரு தும்மல் இல்லை. மலச்சிக்கல் போன இடம் தெரியலை. சில நாள் அதுவே ஜாஸ்தியாப் போய், ஆபீஸுக்குக் கிளம்பறவர் சந்து முனையிலேர்ந்து ஓடி வருவார். ராத்திரி நெஞ்சைக் கரிக்கறதுன்னு மோர் கேப்பார். "லேகியம் ஒத்துக்கலை போலிருக்கே, குறைச்சுக்குங்கோளேன்,"னா, "அழுக்கெல்லாம் வெளியில போறதுடி," ம்பார். ஒத்துண்டா மருந்தோட மகிமை, ஒத்துக்கலைன்னா உடம்போட அழுக்கு. இப்படிப்பட்ட வக்கீலோட யார் வாதாடறது?

புண் மட்டும் ஆறலை. தினம் காத்தால குழாயைக் காட்டினா செங்கல். ஒரு நாளாவது பச்சை வரப்படாதோ? செங்கல், செங்கல், செங்கல். நான் சாதத்தை இன்னும் குறைச்சேன். உருளைக்கிழங்கை ஆத்து வாசப்படி ஏத்தலை. வாழைப்பழத்தைப் பூஜைக்கு வெச்சுட்டு அடுத்தாத்துக்குக் குடுத்துட்டேன். அப்பவும் செங்கல்தான். டாக்டர்கிட்ட போனா அவர் என்னை ஏற இறங்கப் பாத்தார்.

"ஏம்மா, இரக்கப்பட்டு நீங்களே அவருக்கு ஏதாவது குடுக்கறேளா? பொம்மனாட்டிகள் பண்ற காரியம்தான் இது. பாசம்னு நினைச்சுண்டு காலைப் போக்கிடாதேங்கோ."

எங்காத்துக்காரர் பக்கத்துல உக்காந்துண்டிருந்தார். 'அவ ஒண்ணும் குடுக்கலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமோ இல்லியோ? சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்துண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமா வந்தது. வெளியில வந்து ரிக்‌ஷாவுல ஏறினா, இழுக்கறவன் அவர் காலைப் பாத்துட்டு, "இன்னாம்மா, ஐயாவுக்குப் புண்ணு இன்னும் அப்டியே கீது? நல்லா கவனிக்கக் கூடாதா?"ங்கறான். போச்சுடா, இவனும் என்னைத்தான் சொல்றான்.

அதுக்கடுத்து ஏகாதசி வந்தது. இவர் விரதம்னா விரதம்தான், அன்னிக்கு ஒரு பருக்கை உள்ளே போகாது. காப்பி கூடக் கிடையாது. நான் நாள் பூரா அவரைக் கண்ணுக்குள்ள வெச்சுண்டு பாத்தேன். துளசி தீர்த்தமும் லேகியமும் தவிர ஒண்ணும் தொடலை. வெறும் வயத்தோட இருக்கோமேன்னு லேகியம் மட்டும் ரெண்டு உருண்டை கூடவே போச்சு. சரி, நாளைக்காவது நிறம் இறங்கும்னு பெருமாளை வேண்டிண்டு படுத்தேன்.

துவாதசி காத்தால குழாயைக் காட்டினேன். செங்கல்னா செங்கல், சூளையிலேர்ந்து எடுத்த மாதிரி செங்கல்.

சாதமில்லை, பாலில்லை, பழமில்லை. பின்னே எங்கேர்ந்து வந்தது? நல்ல வேளையா அன்னிக்கு விரதம் முடிக்கற பாரணைச் சாப்பாட்டுக்கு அக்காவும் வந்திருந்தார், கையில புது ஜாடியோட. ஜாடியை அக்கா கையிலேர்ந்து வாங்கி, ஒரு துளி லேகியத்தை வெந்நீர்ல கரைச்சேன். குழாயை நன்னா அலம்பி, புதுசா நீல மருந்தை ஊத்தினேன். ரெண்டு பேரையும் கிணத்தடிக்குக் கூப்பிட்டேன்.

"இதோ பாருங்கோ. இது யாரோடதும் இல்லை. உங்க லேகியம்தான்," னு சொல்லிட்டு சொட்டு விட்டுக் காட்டினேன். நீலம் ஒரு நிமிஷம் கூடத் தாங்கலை. பச்சையாச்சு, மஞ்சளாச்சு, கண்ணெதிர்ல செங்கலா நின்னுது.

எங்காத்துக்காரர் அசருவாரோ? "மருந்துன்னா வீரியம் இருக்கும், நிறம் மாறத்தான் மாறும்," னார்.

ஆனா அக்கா முகம் வெளுத்துப் போச்சு. குழாயைப் பாத்தார், தம்பியைப் பாத்தார். "ஏண்டா, துவர்ப்பு தாங்கலை, இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடுன்னு மாசா மாசம் சக்கரையைக் கொண்டு வந்து குடுத்தியே... அதுவாடா இது?"

"எந்தச் சக்கரை?" ன்னேன்.

"உங்காத்து ரேஷன் சக்கரைதான்மா. நீங்க ரெண்டு பேரும் தொடறதில்லை, வீணாப் போறதுன்னு சொன்னானே."

கொழந்தை குட்டி இருக்கறவாளுக்குப் போன சக்கரை! நான் அடுத்தாத்து மாமிகிட்ட பீத்திண்ட சக்கரை! "ஏன்னா, நன்னாயிருக்கா? ரொம்ப நன்னாயிருக்கா?"ன்னு கத்தினேன். "ஊரெல்லாம் தர்மப்பிரபுன்னு பேர் வாங்கிண்டு, என் பங்கையும் சேர்த்து உருட்டி முழுங்கியிருக்கேளே! அந்த டாக்டர் என்னைக் கேக்காத கேள்வி கேட்டப்போ காலண்டர்ல என்ன தேதி பாத்துண்டிருந்தேள்? போறது உங்க கால், தெரியறதா? உங்க கால்!" அந்தத் தெரு பூரா கேட்டிருக்கும். கேக்கட்டும்னு இருந்தது எனக்கு. அக்கா ஜாடியைத் தூக்கிண்டு போய்க் குப்பைத் தொட்டியில கவுத்துட்டு, கிணத்தடியில உக்காந்து தலையில அடிச்சுண்டு அழுதார்.

பாவம் அந்த அக்கா. அடுத்த வாரமே நெல்லிக்காயை வத்தலாக் காய வெச்சு, வெறும் பொடியா இடிச்சுக் கொண்டு வந்தார். தேன் கிடையாது, வெல்லம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. "நல்லது பூரா இதுலயும் இருக்குடா," ன்னு கெஞ்சினார். இவர் ஒரு சிட்டிகை நாக்குல போட்டார். முகம் கோணிண்டது. மறுநாளே வயத்தைப் பிரட்டறதுன்னார், பல் கூசறதுன்னார், வாய் வறண்டு போறதுன்னார். அத்தனை நாள் வராத கெடுதல் எல்லாம் வரிசையா வந்து நின்னுது. நான் சிரிக்கறதா அழறதா? பொடி அப்படியே அலமாரியில கிடந்து பூச்சி அரிச்சுப் போச்சு.

தித்திப்பு நின்னதும் குழாயில பச்சை தெரிய ஆரம்பிச்சுது. ஆனா விரல் கறுத்துப் போயிருந்தது. டாக்டர் பாத்துட்டு, இனிமே காத்திருந்தா பாதமே போயிடும்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டார். போறதுக்கு முன்னாடி இவர் டாக்டரைப் பாத்து, "சார், அவ ஒண்ணும் குடுக்கலை, நான்தான்,"னு சொன்னார். சொல்லி என்ன பிரயோஜனம், சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லாம?

விரலை எடுத்துட்டா. பாதம் தங்கித்துன்னு சொன்னப்போ நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல நின்னுண்டு வாய்விட்டு அழுதேன். சந்தோஷமா துக்கமான்னு எனக்கே தெரியலை. கண்ணைத் துடைச்சுண்டு உள்ளே போனா கட்டில்ல படுத்துண்டு கூரையைப் பாத்துண்டிருக்கார். கால்ல பெரிய கட்டு. அதைப் பாத்ததும் அடங்கியிருந்த கோபம் மறுபடியும் கிளம்பிடுத்து.

"லேகியம், மருந்து, ஏகாதசின்னு எத்தனை வேஷம்! சக்கரைன்னு உங்களுக்கு மொதல்லேர்ந்தே தெரியும். இல்லியா?"

"தெரியும்," னார்.

"நாக்கு கேக்கறதுடி, தாங்கலைடின்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ? நான் என்ன அந்நியமா?"

அவர் மெள்ளத் திரும்பி என்னைப் பாத்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

குடுத்திருப்பேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கட்டு போட்டுண்டு படுத்திருக்கற மனுஷன்கிட்ட அந்த ஒரு பொய்யைச் சொன்னா என்ன குடி முழுகிடும்? ஆனா வரலை.

"மாட்டேன்," னேன்.

"அதான் கேக்கலை," ன்னார்.