ஸ்லே என்ற ஒரு சொல்

கோர்ட்டில் அவளை எல்லாரும் டிக்ஷனரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்குவது வேலை. இருபத்திரண்டு வருஷமாக அவள் வரியில் யாரும் கை வைத்ததில்லை. அந்தப் பெருமையைச் சொல்லாமல் அக்காவுக்கு டீ தொண்டையில் இறங்காது.

ஒரு நாள் சாயங்காலம், மகள் போனில் போட்டிருந்த புதுச்சட்டைப் படத்துக்குக் கீழே 'ஸ்லே' என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்துப் பதறிப் போனாள்.

"அடிப்பாவி, யாருடி உன்னைக் கொல்றேங்கிறது?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! அசத்திட்டேன்னு சொல்றாங்கம்மா."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் ஒரு கல்லூரிப் பெண்ணின் வழக்கு. நடனப் போட்டிக்குப் போகும் தோழிக்கு அவள் அனுப்பிய செய்தியில் இரண்டே சொல்: 'டுமாரோ ஸ்லே!' மறுநாள் எதிரணிப் பெண் மேடைப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் செய்தி அனுப்பிய இவள்; தள்ளிவிட்டாள் என்று வழக்கு. 'நாளை வெட்டிச் சாய்' என்று அக்கா எழுதிக் கொடுத்தாள், ஜாமீன் கிடைக்கவில்லை.

கொல்லும் சொல்லை வைத்து யாராவது பாராட்டுவார்களா? மறுநாள் காலையில் கோர்ட் டைப்பிஸ்டைப் பிடித்து அதையே கேட்டாள்.

"நாம மட்டும் என்னவாம்?" என்றான் அவன். "நேத்து கேண்டீன் டிவில ஒரு பொண்ணு பாடினப்போ 'கொன்னுட்டா போ'ன்னு சொன்னது யாருக்கா? நீங்கதானே!"

அட, ஆமாம்! இது எப்படித் தோன்றாமல் போயிற்று? வியப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். நேராக நீதிபதி முன் போய் நின்றாள்.

"ஐயா, என் மொழிபெயர்ப்பு தப்பு."

"அப்போ சரியா என்ன எழுதணும்?"

"'நாளைக்கு அசத்திடு'ன்னு எழுதணுங்க ஐயா."

வழக்கறிஞர்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது. போகட்டும். மதியமே ஜாமீன் கிடைத்தது.

வராந்தாவில் ஜாமீன் கிடைத்த பெண்ணின் அம்மா வழிமறித்தாள். ஒன்பது நாள் தூங்காத முகம். அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"இருங்கம்மா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டிக்ஷனரி புக்குல 'ஸ்லே'ன்னா 'கொல்லு'ன்னு போட்டிருக்கு, பார்த்தேன். 'வெட்டி' எங்கேர்ந்து வந்துச்சு?"

அக்கா தலை குனிந்தாள். "அது புக்குல இல்லம்மா. எடுப்பா இருக்கட்டுமேன்னு நான்தான் சேர்த்தேன்."