எதிர்வீட்டு பல்பு மங்கும்போது

திருடினாளாம். யார் கண்ணால் பார்த்தார்கள்? அவள் வீட்டுக் குண்டு பல்பு பளிச்சென்று எரியும்போது எதிர்வீட்டு பல்பு மங்கியது உண்மைதான். அதற்காக எதிர்வீட்டு மின்சாரத்தை அவள் உறிஞ்சுகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிவதா? மின்சாரம் என்ன இளநீரா, குழல் போட்டு இழுக்க?

அவள் மோட்டாருக்குக் காயில் கட்டியவள். பதினாறு வருடம் பட்டறையில் உட்கார்ந்து, கருகிவந்த மிக்சியையும் ஃபேனையும் பிரித்து, செம்புக் கம்பி சுற்றி ஓடவைத்தவள். எது எதனால் கருகியது என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். அதனால்தான் அவளுக்கு அத்தனை பயம். தெரியாதவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

புருஷனுக்கு நுரையீரல் கெட்டு, வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்ததும் வேலையை விட்டாள். கட்டிலருகே உறுமிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிதான் அவனுக்கு மூச்சு. அவசரத்துக்குச் சின்ன சிலிண்டர் ஒன்று. ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். பெட்டிக்கு ஸ்டெபிலைசர் போட்டிருந்தாள். ஆனால் கம்பத்தில் நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கிறது, எதிர்வீட்டு பல்பு மங்குவதே அதற்கு அடையாளம் என்று அவளுக்குத் தெரியும். அது அறுந்தால் சில வீடுகளில் மின்சாரம் சோர்ந்து விழும், சில வீடுகளில் இரண்டு பங்காகப் பாயும். அந்தப் பாய்ச்சலை ஸ்டெபிலைசர் தாங்காது. மின்சார ஆபீசுக்கு எத்தனையோ முறை போன் போட்டாள். வருகிறோம் என்றார்கள். வரவில்லை.

எட்டு மாதம் அவள் படி தாண்டவில்லை. மெயின் சுவிட்சுக்குக் கீழே முக்காலி போட்டு, ஜன்னல் வழியே எதிர்வீட்டு பல்பைப் பார்த்தபடியே காய் நறுக்கினாள். குளிக்கும்போதும் கதவை ஒருக்களித்து வைத்து, ஃபேன் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தாள். தங்கை மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. தலைக்கனம் என்றார்கள்.

"என்னைவிட அந்த சுவிட்சத்தான் அதிகமா பாக்குற" என்பான் புருஷன். சிரித்தால் இருமுவான். அவன் சிரிப்புக்கும் பயந்தாள்.

மழை மூட்டம் போட்ட ஒரு முற்பகலில் ஃபேன் வெறிபிடித்தாற்போல் சுழன்றது. பல்பு வெள்ளையாகக் கொதித்தது. எதிரே பல்பில் சிவந்த இழை மட்டும். அவள் கை தானாகவே போய் மெயினை இறக்கியது. பெட்டியின் உறுமல் நின்றது. சிலிண்டரைத் திறந்து, குழாயை அவன் மூக்கில் பொருத்தினாள்.

எதிர்வீட்டுக்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். "மொத்தத்தையும் இழுத்துட்டியா? என் ஃப்ரிட்ஜ் முனகுது."

"அக்கா, காயில் கருகுது. மொதல்ல ஓடிப்போய் உங்க மெயின இறக்குங்க. அப்புறம் வந்து திட்டுங்க."

குரலில் என்ன இருந்ததோ, ஓடினாள். திரும்பி வந்தவள் கட்டிலைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள். மின்சார ஆபீசில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நேரில் போய் ஆளை இழுத்து வந்தால்தான் உண்டு.

"நானே போறேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"போய் என்னன்னு சொல்வீங்க? நான் கரண்ட் திருடுறேன்னா?"

எதிர்வீட்டுக்காரி தலை குனிந்தாள். கம்பத்தில் எது கெட்டிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவள் தெருவில் ஒருத்திதான். ஆகவே, தன்னைத் திருடி என்ற வாய்க்காரியிடமே புருஷனை விட்டுப் போகவேண்டியதாயிற்று.

"இந்த சிலிண்டர் முள்ளையே பாத்துக்கிட்டு இருங்க அக்கா. யார் சொன்னாலும் மெயின ஏத்தாதீங்க. அவரே கேட்டாலும்."

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்குந்தான்."

புருஷன் போ என்று விரலை அசைத்தான். வெடித்துப்போன செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். ஜன்னல் வழியே அவன் பார்ப்பான் என்று தெருமுனை வரை நடந்தாள். முனை திரும்பியதும் ஓடினாள்.